கொரோலாவின் பிரேக் லைட்டும் துருப்பிடித்த ஒரு போல்ட்டும்

நேற்று இரவு எட்டரை மணிக்கு, எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் காரின் பின்பக்கத்தைச் சுவரோடு நெருக்கி நிறுத்திவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். வெள்ளைச் சுவரில் இடம், வலம், நடு என்று மூன்று சிவப்பும் ஒரே அளவு வெளிச்சத்தோடு விழுந்தன. காலை எடுத்தேன், மூன்றும் ஒன்றாக அணைந்தன. திரும்ப மிதித்தேன். ஐம்பது தடவையாவது மிதித்திருப்பேன். வேலை முடிந்துவிட்டது என்று நம்புவதற்கு எனக்கு அத்தனை தடவை தேவைப்பட்டது. மறந்துபோகும் முன் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

கார் 1998ஆம் ஆண்டு கொரோலா, இங்கே எல்லாரும் 'வன் டென்' என்று சொல்லும் மாதிரி. மனுவல் கியர். பதினொரு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில், கடலில் இருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் நிற்கிறது.

முதலில் சொன்னவர் ஓர் ஓட்டோக்காரர். பம்பலப்பிட்டியில் கலர் லைட்டுக்கு நிற்கும்போது பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணை, உங்கட இடப்பக்க பிரேக் லைட் எரியேல்லை. பின்னுக்கு வாறவன் இடிச்சுப்போடுவான்" என்றார். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாத விளக்கு அது. அவர் சொல்லியிராவிட்டால் எத்தனை நாள் அப்படியே ஓடியிருப்பேனோ தெரியாது. முகம் கூட நினைவில்லாத அந்த மனிதருக்கு நன்றி.

பிரேக் லைட் எரியவில்லை என்றால் பல்ப் போய்விட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான். காலி வீதியில் ஒரு கடையில் 12 வோல்ட், 21/5 வாட் பல்ப் இரண்டு வாங்கினேன். ஒன்று 180 ரூபாய். இந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை இரவில் எரியும் பின்விளக்கு, 21 வாட் இழை பிரேக். பக்கவாட்டில் உள்ள இரண்டு மொட்டுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஆகவே ஒரு பக்கமாகத்தான் ஹோல்டருக்குள் போகும். அழுத்தித் திருப்பினேன், எரிந்தது. பழைய பல்பை டிக்கிக்குள் எறிந்துவிட்டு மேலே போய்விட்டேன்.

அந்தப் பழைய பல்பை அப்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது இரண்டு இழைகளும் அறாமல் அப்படியே இருந்தன. ஒன்றும் ஆகாத பல்பைக் கழற்றியிருக்கிறேன். மாற்றும்போது ஹோல்டரை அசைத்ததில் பின்னால் எங்கோ வயர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அதனால் எரிந்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மகள் பள்ளிக்கூட வாசலில் இறங்கிப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, எரியுது, ஆனா சரியான மங்கல்" என்றாள். பக்கத்துக் கராஜ் ஒன்றில் விட்டேன். ஹோல்டர் பழுது என்று சொல்லி வேறொரு காரில் கழற்றிய ஹோல்டரைப் போட்டு, கூலியோடு 3,500 ரூபாய் எடுத்தார்கள். கராஜை விட்டு வெளியே வரும்போது நன்றாக எரிந்தது. அடுத்த மழைக்குத் திரும்ப மங்கியது.

அடுத்ததாக நான் செய்ததுதான் பெரிய பிழை. எல்ஈடி பல்ப் ஒரு சோடி 1,800 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். போட்ட உடனே இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வாரம் நிம்மதியாக ஓடினேன். உண்மையில் எல்ஈடி பழுதைத் தீர்க்கவில்லை, மூடி மறைத்தது. 21 வாட் இழைக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஆம்பியர் வேண்டும். எல்ஈடிக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். பாதி அடைபட்ட குழாயாக இருந்தாலும் ஒரு டம்ளரை நிரப்ப அது போதுந்தானே. வாளி வைத்தால்தான் அடைப்புத் தெரியும்.

மேல்மாடியில் இருக்கும் அண்ணை ஒருநாள் டூப்ளிகேஷன் வீதியில் எனக்குப் பின்னால் வந்திருக்கிறார். பின்னேரம் லிப்ட்டில் கண்டபோது, "தம்பி, நீர் இடப்பக்கம் சிக்னல் போட்டுக்கொண்டு பிரேக் பிடிச்சா, பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குது. பின்னுக்கு வாற எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார். அதைக் கேட்டதும்தான் இன்னொன்று உறைத்தது. இரண்டு மூன்று வாரமாகவே இடப்பக்க சிக்னல் போட்டால் டிக் டிக் சத்தம் வழமையை விட வேகமாக வந்துகொண்டிருந்தது. எல்ஈடி போடுவதற்கு முன், இரவில் பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டில் இடப்பக்க அம்புக்குறி மங்கலாக எரிவதையும் கண்டிருக்கிறேன். பழைய கார்தானே என்று விட்டுவிட்டேன். கார் வாய்திறந்து சொன்ன மாதிரித்தான் அது. ஒரு விளக்கை எரிய விட்டால் இன்னொரு விளக்கு மினுங்குகிறது என்றால், கரண்ட் திரும்பிப்போகும் வழி அடைபட்டு, பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றிப் போகிறது. அதாவது, கரண்டைக் காரின் இரும்பு வழியாகப் பற்றறிக்குத் திருப்பும் ஏர்த் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வேலைக்கு இறங்கினேன். முதல் வேலையாக எல்ஈடியைக் கழற்றிவிட்டு 21/5 பல்பைத் திரும்பப் போட்டேன். மங்கலாக எரியும் பழுதை மங்கலாகவே வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

ஒரு ஆள் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டுமே. மகளுக்கு ரியூஷன். ஆகவே பழைய தும்புத்தடியின் கம்பை 62 சென்ரிமீற்றருக்கு வெட்டி, ஒரு முனையைப் பிரேக் பெடலிலும் மற்ற முனையைச் சீற்றின் முன்விளிம்பிலும் கொடுத்து, சீற்றை ஒரு பல் முன்னுக்குத் தள்ளி இறுக்கினேன். நாள் முழுக்க நழுவாமல் நின்றது. இந்தக் கம்பு இனி டிக்கியில்தான் இருக்கும். தனி ஆளாகப் பிரேக் லைட் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. உங்கள் சீற்றுக்கு அளவு மாறும், கொஞ்சம் நீளமாக வெட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீற்றர் முந்தியே வாங்கியது, 2,400 ரூபாய். அதை வைத்துக்கொண்டே முதலில் பிழையாக அளந்தேன். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் பிரேக் முனையில் ஒரு ஊசியையும் ஏர்த் முனையில் மற்ற ஊசியையும் வைத்தேன். 12.3 வோல்ட். எல்லாம் சரி என்று காட்டியது. அரை மணி நேரம் ஒன்றும் புரியாமல் குந்தியிருந்தேன். பிறகுதான் விளங்கியது: பல்ப் இல்லாதபோது கரண்ட் ஓடுவதில்லை. ஓடாத கரண்டுக்குத் துருவும் ஒரு தடையில்லை. பல்ப் எரியும்போது அளக்க வேண்டும்.

ஹோல்டரின் பின்பக்கத்தில் வயர் நுழையும் ஓட்டைக்குள் ஒரு குண்டூசியைச் சொருகி, அதில் மல்டிமீற்றரின் முனையைப் பிடித்து, பல்பைப் போட்டு அளந்தேன். காரின் வெற்று இரும்பில் இருந்து பிரேக் வயருக்கு 11.9 வோல்ட். பற்றறியில் 12.4. வரும் வழி சரி. பல்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 4.3 வோல்ட் மட்டும். ஹோல்டரின் ஏர்த் முனைக்கும் காரின் இரும்புக்கும் நடுவே 7.6 வோல்ட். அந்த இடத்தில் பூச்சியத்தை ஒட்டித்தான் வர வேண்டும். பற்றறி அனுப்பியதில் பாதிக்கு மேல் ஏர்த்தில் செலவாகிறது. வலப்பக்கத்தில் அதே அளவை எடுத்தேன்: 0.1. கையோடு ஒரு வயர்த் துண்டின் ஒரு முனையை ஹோல்டரின் ஏர்த்திலும் மற்றதை டிக்கிப் பூட்டின் போல்ட்டிலும் தொட்டேன். பல்ப் குப்பென்று எரிந்தது. வாங்கிய பல்புகளும் ஹோல்டரும் செய்யாததை அரை மீற்றர் வயர் செய்தது.

அந்த ஏர்த் வயர் எங்கே போகிறது என்று தேடியதிலும் நேரம் போனது. ஏர்த் என்றால் கறுப்பு என்று மனதில் பதிந்திருந்ததால் கறுப்பு வயரைத் தேடிக்கொண்டிருந்தேன். டொயோட்டாவில் ஏர்த் வயர் வெள்ளை நிறம், அதில் ஒரு கறுப்புக் கோடு. பிரேக் லைட்டுக்கு வருவது பச்சையில் வெள்ளைக் கோடு. இதைத் தெரிந்துகொண்டபின் வேலை சுருங்கிவிட்டது. டிக்கியின் இடப்பக்கச் சுவரை மூடியிருக்கும் மட்டையைக் கழற்றினேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள், இரண்டு உடைந்தன. மட்டைக்குப் பின்னால், சக்கர வளைவுக்கு மேலே, 10 மில்லிமீற்றர் சாவி போடும் ஒரு போல்ட். அதன் கீழ் வயரின் வளையம்.

ரோர்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட்டின் தலை கபில நிறத்தில் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. வளையத்தின் விளிம்பில் பச்சையும் வெள்ளையும் கலந்த மாவு. விரலால் தொட்டபோது உதிர்ந்தது. போல்ட்டைத் திருகியபோது கறகறவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. வளையத்தைத் தூக்கினால் அடியில் காரின் இரும்பும் வளையமும் தொடும் இடம் முழுக்க ஒரே துரு. வயரைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன், உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்துப்போயிருந்தன. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். நாலு சென்ரிமீற்றர் போனபிறகுதான் செம்பின் நிறம் வந்தது.

ஏன் துருப்பிடித்தது என்பதையும் பார்க்காமல் விட மனம் வரவில்லை. ஒரு போத்தல் தண்ணீரை இடப்பக்கப் பின்விளக்கின் மேல் மெதுவாக ஊற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே ஒரு துளி எட்டிப்பார்த்தது, வயரின் மேலேயே வழிந்து நேரே அந்தப் போல்ட்டுக்குப் போனது. விளக்குக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் விளிம்பு இறுகிக் கல்லாகிவிட்டது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மரைன் டிரைவ் பக்கம் காரை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலையில் கண்ணாடியில் விரலை வைத்தால் உப்புப் பிசுக்கு ஒட்டும். அந்த உப்பும் மழைத்தண்ணீரும் சேர்ந்து பதினொரு வருடம் அந்தப் போல்ட்டை நனைத்திருக்கின்றன.

சரி செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றறியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். போல்ட் உட்காரும் இடத்தைச் சாண்ட் பேப்பரால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன், ஓர் இரண்டு ரூபாய்க் குற்றியளவு வட்டம். வயருக்குப் புது வளையம் போட்டு நசுக்கி, மேலே ஈயமும் ஊற்றினேன். புதுப் போல்ட், பல்லுள்ள வாஷர், இறுக்கியபின் எல்லாவற்றுக்கும் மேலே வாசலின் தாராளமாக. வாசலினை இறுக்கிய பின்தான் பூச வேண்டும், இரும்பும் இரும்பும் நேரே தொட வேண்டும் என்பதால். விளக்கைக் கழற்றி, விளிம்பில் கறுப்புச் சிலிக்கன் ஓடவிட்டு, ஓர் இரவு காயவிட்டேன்.

அடுத்த நாள் அளந்தபோது ஏர்த்துக்கும் இரும்புக்கும் நடுவே 0.05 வோல்ட். பல்பில் 11.8. சிக்னல் சத்தம் தானாகவே பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. டாஷ்போர்டில் அம்புக்குறி மினுங்குவதும் நின்றது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு இரவும் சுவரைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டதால் அடுத்த பழுதையும் நானே பிடித்தேன். நாலாம் நாள் மிதித்தபோது மூன்று விளக்கும் எரியவில்லை. இன்னொரு தடவை மிதித்தேன், எரிந்தன. ஏழெட்டுத் தடவைக்கு ஒருமுறை மொத்தமாக விட்டுவிட்டது.

இந்தத் தடவை பல்ப் பக்கமே போகவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் போகின்றன என்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் பழுது. அப்படி முதலில் பார்க்க வேண்டியது இரண்டு இடம்: பியூஸ், பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச். பியூஸ் 15 ஆம்பியர். கழற்றிப் பார்த்தேன், நல்ல நிலையில் இருந்தது. ஸ்ரியரிங்கின் கீழே மல்லாந்து படுத்து, ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சுவிட்சின் பிளக்கைக் கழற்றினேன். இரண்டு வயர். இரண்டையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்தேன். சுவரில் மூன்று சிவப்பும் அசையாமல் நின்றன. ஆக, சுவிட்ச்தான்.

கழற்றிய சுவிட்சின் ஊசியை அமத்தி அமத்தி விட்டு, உள்ளே உள்ள தடையை ஓமில் அளந்தேன். ஊசி வெளியே வரும்போது உள்ளே தொடுகை ஏற்பட வேண்டும். ஒருதடவை 0.3 ஓம், அடுத்த தடவை 40, அதற்கடுத்த தடவை தொடுகையே இல்லை.

பிரேக் லைட் இல்லாத காரைக் காலி வீதியில் இறக்க மனமில்லை. வெள்ளவத்தை ஸ்ரேசனில் ரயில் ஏறி மருதானையில் இறங்கி, கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். பழைய சுவிட்சைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாலாவது கடையில் மாதிரி ஒத்துவந்தது. புதியது 4,500, ரீகண்டிஷன் 1,850. கடைக்கார நானா மேசையில் இருந்த ஒரு பற்றறியிலும் பல்பிலும் வயரைக் கொழுவி, என் கையிலேயே சுவிட்சைத் தந்தார். "தம்பி, ஊசிய அமத்தினா அணையணும், விட்டா எரியணும். இருபது தரம் அமத்திப் பாருங்க, ஒருக்கா விட்டாலும் எடுக்க வேணாம்." முதலாவது சுவிட்ச் பதின்மூன்றாம் தடவையில் விட்டது. அதை அவரே வாங்கித் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டு இன்னொன்று தந்தார். அது இருபதும் எரிந்தது, நான் இன்னும் இருபது பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார்.

பூட்டும்போது கடைசிப் பிழை. சுவிட்ச் ஒரு மரையில் முன்னும் பின்னும் நகரும், பெடல் மேலே வந்து நிற்கும்போது ஊசி நன்றாக உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். நான் சுவிட்சை ஓரிரண்டு சுற்றுக் கூடுதலாகப் பின்னுக்கு விட்டு நட்டை இறுக்கிவிட்டேன். சுவரில் பார்த்தபோது மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ஆனால் பெடல் மயிரிழை கீழே இறங்கினாலும் எரியும் நிலையில் இருந்திருக்கிறது. இரவு எப்போதோ எரியத் தொடங்கிவிட்டது. இந்தக் காரில் பிரேக் லைட்டுக்குச் சாவி தேவையில்லை. மூன்று பல்பும் சேர்ந்து ஏறத்தாழ 5 ஆம்பியர், என் பற்றறி 35 ஆம்பியர்-மணி. காலையில் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மேல்மாடி அண்ணை தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து வயர் கொழுவித் தந்தார்.

இரண்டாம் தடவை அளந்து பூட்டினேன். சுவிட்சின் உடம்புக்கும் பெடலின் நிறுத்தத்துக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 2.4 மில்லிமீற்றருக்குக் கூடாமலும் இருக்க வேண்டும். வங்கி அட்டை இரண்டைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. அதை நடுவில் கொடுத்து நட்டை இறுக்கி, அட்டையை இழுத்து எடுத்தேன். பெடலைப் பக்கவாட்டாக ஆட்டியும், கால்விரலால் மேலே தூக்கியும், கதவை அறைந்து மூடியும் பார்த்தேன். விளக்கு வரவில்லை. மிதித்த உடனே வந்தது. அன்று இரவு பதினொரு மணிக்கும் விடிய ஐந்து மணிக்கும் கீழே இறங்கிப் பார்த்தேன்.

செலவு: தேவையில்லாமல் போனது பல்ப் 360, எல்ஈடி 1,800, கராஜ் 3,500, மொத்தம் 5,660 ரூபாய். உண்மையில் காரைச் சரிசெய்தது சுவிட்ச் 1,850, வளையமும் போல்ட்டும் வாஷரும் 60, சாண்ட் பேப்பர் 90, சிலிக்கன் 650, மொத்தம் 2,650. வாசலினும் ஈயமும் வீட்டில் இருந்தன. மிஞ்சிய பல்ப் ஒன்று டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கிறது, எப்போதாவது உதவும். எல்ஈடி சோடியைத் திரும்பப் போடும் எண்ணமில்லை. வயரில் பழுது வரும்போது இழைப் பல்ப் மங்கிக் காட்டிக்கொடுக்கிறது, எனக்கு அது வேண்டும்.

அடுத்த தடவை என்றால் பின்விளக்கின் ரப்பரைச் சிலிக்கனால் ஒட்டாமல் புதிதாகவே தேடி வாங்குவேன். சிலிக்கன் போட்ட விளக்கை இனிக் கழற்றுவது சிரமம். வயரை வெட்டும் முன் அது போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்வேன், மட்டையைத் திரும்ப மாட்டும்போது ஒரு வயர் நசுங்கப் பார்த்தது. உடைந்த இரண்டு கிளிப்புகளுக்கும் இன்னும் மாற்று வாங்கவில்லை.

வலப்பக்க ஏர்த் போல்ட்டையும் கழற்றவில்லை. 0.1 வோல்ட் என்பது இப்போதைக்கு நல்ல அளவுதான், ஆனால் அதே ரப்பர், அதே உப்புக்காற்று, அதே வயது. இந்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் அந்தப் பக்க மட்டையைக் கழற்றுவேன். அதற்கான வளையமும் மிச்சச் சாண்ட் பேப்பரும் தும்புத்தடிக் கம்போடு டிக்கியில் இருக்கின்றன.